ஜோஹாரி சாளரம்

ஜோஹாரி சாளரம் என்பது ஒருவர் தம்மைப் பற்றி அறிந்தவற்றையும் பிறர் அவரைப் பற்றி அறிந்தவற்றையும் நான்கு கட்டங்களில் பகுத்துக் காட்டும் உளவியல் வரைபடம். அமெரிக்க உளவியலாளர்களான ஜோசப் லஃப்ட் (1916–2014), ஹாரிங்டன் இங்காம் (1916–1995) இருவரும் 1955-இல் இதை உருவாக்கினர். ஜோ, ஹாரி என்னும் அவர்களது அழைப்புப் பெயர்களின் சேர்க்கையே ஜோஹாரி. தன்னையறிதல் தனித்திருந்து முடிக்கும் காரியமன்று, அதில் பெரும்பங்கு பிறரிடம் இருக்கிறது என்பதை எளிய மக்களுக்கும் விளங்கும்படி எடுத்துக்காட்டியது இதன் சிறப்பு.

பின்னணி

இவ்வரைபடத்தின் வேர் கர்ட் லெவின் (1890–1947) தொடங்கிவைத்த குழு ஆய்வுகளில் இருக்கிறது. பெர்லினில் பணியாற்றிய யூத உளவியலாளரான லெவின், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் அமெரிக்காவில் குடியேறினார். தனிமனிதரின் நடத்தையை அவர் வாழும் சூழலிலிருந்து பிரித்துப் புரிந்துகொள்ள முடியாது என்பது அவரது அடிப்படைக் கருத்து.

1946 கோடையில் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் நகரில், இன, மதப் பாகுபாட்டைக் களைவதற்கான பயிற்சி முகாம் ஒன்றை லெவின் குழுவினர் நடத்தினர். ஆசிரியர்களும் சமூகப் பணியாளர்களும் பகலில் சிறு குழுக்களாகக் கூடி விவாதித்தனர். ஆய்வாளர்கள் அதைக் கவனித்துக் குறிப்பெடுத்து, மாலையில் தமக்குள் கலந்து பேசினர். ஒருநாள் மாலை பங்கேற்பாளர்கள் சிலர் தாங்களும் உடனிருக்கலாமா என்று கேட்க, லெவின் இசைந்தார். அன்று காலை ஒரு பெண்மணி நடந்துகொண்ட விதத்தை ஆய்வாளர் ஒருவர் விவரித்தபோது, அங்கேயே அமர்ந்திருந்த அப்பெண்மணி இடைமறித்து, நடந்தது அப்படியன்று என்று தம் தரப்பைச் சொன்னார். ஒரே நிகழ்வைப் பற்றிய அந்த இரு கூற்றுகளும் ஒரு பெரும் உரையாடலைத் திறந்துவிட்டன. மறுநாள் மாலையிலிருந்து மற்றவர்களும் ஆர்வத்தோடு வரத் தொடங்கினர். தம் நடத்தை பிறர் கண்ணில் எப்படிப்படுகிறது என்று கேட்டறிவது எந்த விரிவுரையையும்விட ஆழமான கல்வி என்பது இவ்வாறு தற்செயலாகப் புலனாயிற்று.

1947 பிப்ரவரியில் லெவின் காலமானார். அவருடன் பணியாற்றிய லேலண்ட் பிராட்ஃபர்ட், ரொனால்ட் லிப்பிட், கென்னத் பென் ஆகியோர் அவ்வாண்டுக் கோடையில் மேய்ன் மாநிலத்தின் பெத்தல் ஊரில் தேசியப் பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினர். இவ்வகைப் பயிற்சி மேற்குக் கரைக்கும் பரவியது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகம் சார்ந்து நடந்த அத்தகைய பயிற்சிக் கூடத்தின் தொகுப்பில்தான் லஃப்டும் இங்காமும் தம் வரைபடத்தை முதலில் வெளியிட்டனர். லஃப்ட் பின்னர் தம் நூல்களில் இதை விரித்தெழுதினார்.

நான்கு பகுதிகள்

திறந்த பகுதி: தமக்கும் பிறருக்கும் தெரிந்தவை. பெயர், தொழில், வெளிப்படையான இயல்புகள், பகிர்ந்துகொண்ட விருப்பங்கள் இதில் அடங்கும்.

குருட்டுப் பகுதி: பிறருக்குத் தெரிந்தும் தமக்குத் தெரியாதவை. பேசுபவரை முடிக்கவிடாமல் குறுக்கிடும் பழக்கம் ஓர் எடுத்துக்காட்டு. குறைகள் மட்டுமல்ல, தம்மிடம் இருப்பதாக ஒருவர் எண்ணியே பாராத நற்குணங்களும் இங்கு உண்டு.

மறைந்த பகுதி: தமக்குத் தெரிந்தும் பிறரிடம் காட்டாதவை. அச்சம், பொறாமை, பழைய அவமானம், சொல்லாத ஆசை ஆகியவை இவ்வகை.

அறியாப் பகுதி: எவருக்கும் தெரியாதவை. ஃப்ராய்ட் சொன்ன நனவிலியோடு, வெளிப்பட வாய்ப்பே அமையாத திறன்களும் இதில் சேரும். நோயுற்ற பெற்றோரைப் பராமரிக்கும்போது ஒருவரின் பொறுமை முதன்முறையாக அவருக்கே தெரியவருவது உண்டு.

இயக்கம்

இப்பகுதிகளின் எல்லைகள் நிலையானவை அல்ல. ஒன்று மாறினால் மற்ற மூன்றும் மாறும். பிறர் சொல்லும் பின்னூட்டம் குருட்டுப் பகுதியைக் குறைக்கிறது; தன்வெளிப்பாடு மறைந்த பகுதியைக் குறைக்கிறது. இரண்டும் சேர்ந்து திறந்த பகுதியை அகலப்படுத்துகின்றன. மறைப்பதற்கும் மறுப்பதற்கும் மன ஆற்றல் செலவாகிறது என்றும், அச்சுறுத்தல் தன்னுணர்வைச் சுருக்குகிறது, பரஸ்பர நம்பிக்கை அதை வளர்க்கிறது என்றும் லஃப்ட் கருதினார். ஒருவரை வலிந்து அம்பலப்படுத்துவதை அவர் ஏற்கவில்லை. பிறர் மறைத்துவைக்க விரும்புவதை மதிப்பதும் நுண்ணுணர்வின் ஒரு கூறு என்றார். தன்வளர்ச்சியின் பேரால் நடக்கும் பயிற்சிகள் மறக்கக் கூடாத நெறி இது.

பயிற்சி முறை

பண்புகளைக் குறிக்கும் ஐம்பதுக்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஒருவர் தமக்குப் பொருந்தும் ஐந்து அல்லது ஆறைத் தேர்வார். அவரை அறிந்தவர்களும் அவருக்கெனத் தனித்தனியே தேர்வார்கள். இரு தரப்பும் குறித்தவை திறந்த பகுதிக்கும், பிறர் மட்டும் குறித்தவை குருட்டுப் பகுதிக்கும், தாம் மட்டும் குறித்தவை மறைந்த பகுதிக்கும் செல்லும். எவரும் குறிக்காதவை நான்காம் கட்டத்தில் வைக்கப்படும்.

மதிப்பீடு

இது அளவிடும் சோதனை அன்று, சிந்திக்க உதவும் சட்டகம். எனினும் பிற்கால ஆய்வு இதன் மையக் கருத்துக்கு வலு சேர்த்தது. உளவியலாளர் சிமின் வசீர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பதற்றம் போன்ற அகநிலை இயல்புகளை ஒருவர் தாமே துல்லியமாக மதிப்பிட்டார்; அறிவுத்திறன், படைப்பாற்றல் ஆகியவற்றை நண்பர்களே சரியாக மதிப்பிட்டனர். அதிகார ஏற்றத்தாழ்வு உள்ள இடங்களில் கீழ்நிலையில் இருப்போர் மனம் திறந்து பின்னூட்டம் தருவது அரிது என்பது இவ்வரைபடத்தின்மீது வைக்கப்படும் முக்கிய விமர்சனம். அது வரைபடத்தின் குறையன்று, அதைப் பயன்படுத்தும் அமைப்புகளின் குறை.

இன்று நிறுவனப் பயிற்சிகளிலும், இந்தியச் செவிலியர் கல்வி உள்ளிட்ட பாடநூல்களிலும், ஆற்றுப்படுத்தல் துறையிலும் ஜோஹாரி சாளரம் பயன்பட்டு வருகிறது.