கேமரன் மலை: நிலமாக வந்த மானியம்

விவசாய மானியம்னு கேட்டால் மாணவர்கள் உரம், டீசல், வங்கிக் கணக்கில் விழும் பணம் என்றுதான் எழுதுகிறார்கள். தவறில்லை. ஆனால் கேமரன் மலையை எடுத்துப் பாருங்கள். அங்கே அரசின் உதவி பணமாக வந்ததைவிடச் சாலையாகவும் ஆளாகவும் நிலமாகவும் வந்ததே அதிகம்.

1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தைக் கண்டார். பிறகு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1929-இல் ஜே. ஏ. ரசல், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ. பி. மில்னுடன் சேர்ந்து, அரசிடம் நிலம் பெற்று போ தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து ஏறும் சாலை 1931-இல் முடிந்தது. 1933-இல் பாரத் தோட்டம் வந்தது. சாலை இல்லாமல் தேயிலை எப்படிச் சந்தைக்கு இறங்கியிருக்கும்? அன்று யாரும் அதற்கு மானியம் என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆட்களுக்கு வேறொரு ஏற்பாடு இருந்தது. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி தொடங்கியது. மலாயா முதலாளிகளிடம் தொழிலாளர் கணக்குப்படி சட்டப்படி வசூலித்து, தமிழகத்திலிருந்து வருபவர்களின் கப்பல் செலவை அந்த நிதி ஏற்றது. 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை இது நடந்தது. கொழுந்து பறிச்ச நம் பாட்டிமார் அந்தக் கணக்கில் வெறும் தலை எண்ணிக்கைதான்.

இனி நிலத்துக்கு வருவோம். தேர்வுக்கு முக்கியமான இடம் இதுதான். தேயிலையைச் சுற்றிப் பெருகிய காய்கறித் தோட்டங்கள் பலவும் டி.ஓ.எல். என்ற தற்காலிக உரிமத்தில் இயங்கின. 1965 தேசிய நிலச் சட்டப்படி அந்த உரிமம் ஆண்டு முடிவோடு முடியும், புதுப்பிக்க வேண்டும். பிறருக்கு மாற்ற முடியாது. உரிமக்காரர் இறந்தால் அதுவும் போச்சு. ஆனால் உரிமம் ஒருவர் பெயரில், மண்வெட்டி இன்னொருவர் கையில் என்ற புகார் நெடுநாளாக உண்டு. யோசிச்சுப் பாருங்க: அரசுக்குக் கட்டும் கட்டணம் குறைவு, உழுபவரிடம் வாங்கும் வாடகை அதிகம் என்றால், நடுவில் நிற்கும் தொகை யாருக்கு? அதுதான் இங்கே உண்மையான மானியம். அது எந்த வரவுசெலவு அறிக்கையிலும் வராது.

2013 அக்டோபர் 23-இல் கனமழையின்போது சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் பாய்ந்து உயிர்கள் போயின. மரம் வெட்டிய சரிவுகளின் மண் அணைக்குள் சேர்ந்தது பெரிய பேச்சானது. எந்தச் சரிவு யாருடைய உரிமத்தில் இருந்தது என்ற கேள்வி அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

பட்டியல் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இந்தியாவில் 2019-இல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டம் விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தருகிறது. கிராமவாரியாகப் பயனாளிகளைப் பார்க்கலாம். இருந்தும் 2020-இல் தமிழ்நாட்டில் விவசாயிகள் அல்லாதோர் லட்சக்கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தது தெரிந்தது. சுமார் 110 கோடி ரூபாய் போனது. பெயர் பதிவில் இருந்ததால் யாரிடம் திரும்ப வசூலிப்பது என்பதாவது தெரிந்தது. ஐரோப்பாவிலோ 2010-இல் நீதிமன்றம், தனிநபர் பெயர்களை எல்லாம் வெளியிடுவது அந்தரங்கத்தை மீறுகிறது என்றது. 2013-இல் புதுச் சட்டம் சிறு தொகை பெறுவோரின் பெயரை விட்டுவிட்டு மற்றவர்களை வெளியிட வழி செய்தது. எனக்கு இந்த நடுவழி நியாயமாகப் படுகிறது.

நம் நாட்டில் பினாங்கு 2010-இலும் சிலாங்கூர் 2011-இலும் தகவல் சுதந்திரச் சட்டம் இயற்றின. பகாங் இயற்றவில்லை. விடை எழுதும்போது ஒன்றைக் குழப்பாதீர்கள்: டீசல் உதவித்தொகை கூட்டரசு தருவது, நிலமோ அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி மாநிலத்தின் கையில். ஆகவே உரிமக்காரர் பட்டியலைக் கேட்க வேண்டிய இடம் புத்ராஜெயா அல்ல, குவாந்தான்.