இரண்டு எண்கள், ஒரே பெண்

தாராவியின் வடக்கே மித்தி ஆற்றைக் கடந்தால் பாந்திரா-குர்லா வளாகம். அமெரிக்கத் துணைத் தூதரகம் 2011 நவம்பரில் அங்கு இடம்பெயர்ந்தது. அமெரிக்காவில் பணியாற்றும் எச்-1பி கணவரிடம் செல்லும் மாட்டுங்கா, செம்பூர்த் தமிழ்ப் பெண்கள் பலரும் எச்-4 என்னும் சார்பு விசாவுக்காக அங்கேதான் செல்கின்றனர். அவ்விசா அவர்களுடைய வரி அடையாளத்தையும் மாற்றிவிடுகிறது.

இந்திய வருமான வரிச் சட்டத்தின் பார்வையில் கணவனும் மனைவியும் தனித்தனி நபர்கள். இருவரும் சேர்ந்து ஒரே கணக்கைத் தாக்கல் செய்யும் முறை இங்கில்லை. மனைவி பெயருக்குச் சொத்தை மாற்றி வரியைக் குறைப்பதைத் தடுக்க 1937-இல் ஒரு திருத்தம் வந்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஆம் பிரிவு அதன் தொடர்ச்சி. ஆயினும் அவள் வெளியே உழைத்து ஈட்டும் ஊதியம் அவளுடையதாகவே நின்றது. பான் எண்ணுக்கான விண்ணப்பமும் மணமான பெண்ணிடம் தந்தை பெயரையே கேட்கிறது. கணவர் பெயரைக் கேட்பதில்லை. 2018 டிசம்பர் முதல், தாய் மட்டுமே பெற்றோராக உள்ளவர்களுக்குத் தந்தை பெயரும் கட்டாயமில்லை.

அமெரிக்கச் சட்டம் வேறு வழியில் வளர்ந்தது. தம்பதியரின் வருமானத்தை இரண்டாகப் பகுத்து வரி கணக்கிடும் முறையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுமைக்கும் பொதுவாக்கியது. ஒருவரே சம்பாதிக்கும் குடும்பத்துக்கு அது பெருஞ்சலுகை. குடியிருப்பாளராகாத அயல்நாட்டுத் துணைவரையும் கூட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் உரிமை 1976-இல் வந்தது. அதற்கு விலையும் உண்டு: மனைவியின் பெயரில் மாட்டுங்கா வங்கியில் உள்ள வைப்பின் வட்டியும் அக்கணக்கில் ஏற வேண்டும்.

சேர்ப்பதற்கு எண் வேண்டும். வேலை அனுமதியில்லாத எச்-4 மனைவிக்குச் சமூகப் பாதுகாப்பு எண் பொதுவாகக் கிடைக்காது. இத்தகையோருக்காக 1996-இல் ஐடிஐஎன் என்னும் வரி எண் தோன்றியது. ஒன்பது இலக்கங்கள், முதல் இலக்கம் 9. அவளுடைய எண்ணுக்குரிய இடத்தை வெற்றாக விட்டு, டபிள்யூ-7 விண்ணப்பத்தைக் காகிதக் கணக்குடன் இணைத்து டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினுக்கு அனுப்புவது வழக்கம். நோட்டரி சான்றிட்ட நகல்களை 2012-இல் வரித்துறை ஏற்க மறுத்தது. கடவுச்சீட்டு வழங்கிய அலுவலகத்தின் சான்று நகலோ அங்கீகாரம் பெற்ற முகவரோ கிடைக்காதவர்கள் மூலக் கடவுச்சீட்டையே அஞ்சலில் அனுப்பினர். அது திரும்பும்வரை, செம்பூரில் தந்தை நோயுற்றாலும் அவளால் எளிதில் விமானம் ஏற இயலாது.

நிரந்தரக் குடியுரிமைக்குக் காத்திருக்கும் சிலருடைய துணைவருக்கு 2015 மே 26 முதல் வேலை அனுமதி கிடைத்தது. அதன்வழி சமூகப் பாதுகாப்பு எண்ணும் வந்தது. மற்றவர்களுக்கு ஐடிஐஎன் மட்டுமே. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் எந்த வரிக்கணக்கிலும் இடம்பெறாவிட்டால் அந்த எண் காலாவதியாகும் என 2015 டிசம்பரில் மற்றொரு சட்டம் வகுத்தது.

பிறந்த வீட்டுப் பீரோவில் கிடக்கும் பான் அட்டைக்குக் காலாவதித் தேதி இல்லை. அந்த எண்ணுக்கு அவள் மட்டுமே போதும். கடல் கடந்து பெற்ற எண்ணுக்கோ, பெரும்பாலும் கணவரின் கணக்கும் வேண்டியிருக்கிறது.