அம்பாசடர் கார்: சஸ்பென்ஷன், பிரேக் மேம்பாடு

கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் பிற்பகுதி முதல் 2014 மே வரை தயாரித்த அம்பாசடர், பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றியது. முன்சக்கரங்களுக்கு முறுக்குத் தண்டு (டார்ஷன் பார்), பின்னே கமான் பட்டை, நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் என்பது இதன் தொடக்கக்கால அமைப்பு. குண்டும் குழியுமான சாலைகளைத் தாங்குவதில் இது கெட்டிக்காரக் கார்; நிறுத்துவதுதான் சிரமம்.

தொடர்ந்து பிரேக் பிடித்தால் டிரம் சூடேறி விரிகிறது, லைனிங்கின் பிடிப்பும் தளர்கிறது. டிஸ்க் பிரேக்கில் தகடு திறந்த காற்றில் சுழல்வதால் வெப்பம் விரைவில் வெளியேறும். ஆனால் அதற்குக் கூடுதல் அழுத்தம் வேண்டும். எனவே பூஸ்டரும் பொருத்தமான மாஸ்டர் சிலிண்டரும் சேர்ந்தே வர வேண்டும். 1990களில் 1817 சிசி இசுசூ எஞ்சின் வந்து வேகம் கூடியபோது டிஸ்க் பிரேக்கின் தேவை மேலும் வலுத்தது. பிற்கால அம்பாசடர்களில் முன்சக்கர டிஸ்க் பிரேக் இடம்பெற்றது. அந்த உறுப்புகளைப் பழைய வண்டிக்குப் பொருத்துவதே பொதுவாக எளிய வழி.

சஸ்பென்ஷனில் பெரிய மாற்றம் தேவையில்லை. தேய்ந்த புஷ்களை மாற்றி, தளர்ந்த கமான் பட்டைகளைச் சீராக்கி, நல்ல டெலஸ்கோபிக் ஷாக் அப்சார்பர் பொருத்தினாலே ஆட்டம் பெருமளவு அடங்கும். அழகுக்காக முறுக்குத் தண்டைத் தளர்த்தி வண்டியைத் தாழ்த்துவது தவறு. சக்கரக் கோணம் மாறி டயர் ஒருபக்கமாகத் தேயும்.

எஞ்சினின் திறனைக் கூட்ட நினைப்பவர்கள் பிரேக்கை முதலில் மாற்ற வேண்டும்.