ஒரு புள்ளியின் விலை 20,000 டொலர்

1887 ஜூன் மாதம் பிலடெல்பியாவில் பிரிம்ரோஸ் என்ற கம்பளி வியாபாரி தன்ர முகவருக்கு ஒரு தந்தி அடிச்சார். தந்திக்குச் சொல் கணக்கில்தான் காசு. அதனால வியாபாரிகள் குறிச்சொல் அகராதி வைத்திருந்தார்கள்; ஒரு சொல் எழுதினால் ஒரு முழு வசனம் எண்டு அர்த்தம். பிரிம்ரோஸின் அகராதியில் 'பே' என்றால் 'வாங்கிவிட்டேன்'. வழியில எங்கேயோ ஒரு தந்திக்காரர் கையில் மோர்ஸ் குறியில் ஒரே ஒரு புள்ளி கூடிப்போனது. ஆங்கில 'ஏ' எழுத்து 'யூ' ஆகி, 'பே' என்றது 'பை' ஆகிவிட்டது. அதாவது, 'வாங்கு'. முகவர் வாங்கத் தொடங்கிவிட்டார். நட்டம் 20,000 டொலருக்கு மேல். (தமிழ் படிச்ச எங்களுக்குப் புள்ளியின்ர அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.)

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1894இல் தீர்ப்பு வந்தது: தந்திக் கம்பனி 1.15 டொலர் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும். ஏனெண்டால், கட்டணத்தோட இன்னொரு பாதி கொடுத்தால் செய்தியைத் திருப்பி அனுப்பி ஒப்பிட்டுப் பார்க்கிற ஏற்பாடு அப்பவே இருந்தது. பிரிம்ரோஸ் அந்தக் காசைக் கட்டவில்லை.

இந்தப் பழைய கதையை இப்ப ஏன் இழுக்கிறோம்? எங்கட வயதுக்காரர் கன பேர் ஏஐ உதவியாளரை வைத்து நிரல் எழுதுகிறார்கள். கலைப்பீடத்துப் பிள்ளைகளும்தான். அந்த உதவியாளர் எங்கட கணினியில் ஒரு கட்டளையை ஓடவிட்டு, திரையில வந்து விழுகிற எழுத்தை வாசித்துத்தான் அடுத்ததை முடிவெடுக்கும். வாசிக்கிற எழுத்துக்கெல்லாம் டோக்கன் கணக்கு. ஒரே நேரத்தில் அதன் நினைவில் நிற்கக்கூடிய அளவுக்கும் ஓர் எல்லை உண்டு. கண்டாவளையில் இருந்து இலவச அளவை இழுத்துப் பிடித்து வேலை செய்கிறவருக்கு, நிறுவல் கட்டளை ஒன்று 2,000 வரி கொட்டினால் அன்றைய பாடு முடிஞ்சுது. அதனால இடையில ஒரு வடி வைத்து வெளியீட்டைச் சுருக்குகிறார்கள். எதைச் சுருக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதில்தான் சண்டை.

இந்தச் சண்டை புதுசில்லை. இலங்கையில் 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையில் முதல் தந்திக் கம்பி ஓடினது. பிறகு வந்த தலைமுறைகளுக்குத் தந்தி என்றாலே சாவுச்செய்தி. பிரித்து வாசிக்க முதலே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். 'உடனே வா' என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது எண்டு இரண்டு பக்கமும் தெரிந்திருந்ததால்தான் அந்தச் சுருக்கம் வேலை செய்தது. தெரியாதவருக்கு அது வெறும் கட்டளை.

கணினிக்கு வருவோம். யுனிக்ஸ் உருவான காலத்தில் பலருக்குத் திரையே இல்லை. டெலிடைப் 33 என்ற அச்சுப் பொறி செக்கனுக்கு 10 எழுத்துத்தான் அடிக்கும். கோப்பைப் பிரதி எடுத்தால் 'எடுத்தாச்சு' எண்டு சொல்லக்கூட அந்தக் கட்டளை வாய் திறக்காது. சரியாக நடந்தால் மௌனம், பிழைத்தால் மட்டும் பேச்சு. எங்கட வீடுகளில் அப்பாமார் மாதிரி.

ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலுக்குள் தோட்டத்துக் குழாய் பூட்டுவது போல் பூட்ட வேண்டும் எண்டு பெல் ஆய்வுகூடத்தில் டக் மெக்கில்ராய் 1964இலேயே எழுதியிருந்தார். 1973இல் அது யுனிக்ஸில் வந்தது. வந்தபிறகு ஒரு வேடிக்கை நடந்தது. அங்கே ஆட்கள் அச்சுக்கோர்க்கும் பொறிக்கு ஆவணங்களை அனுப்புவார்கள். தாளை மருந்தில் கழுவி எடுத்துப் பார்த்தால், ஆவணத்துக்குப் பதிலாக 'கோப்பைத் திறக்க முடியவில்லை' என்ற ஒற்றை வரி, நல்ல வடிவான அச்செழுத்தில்! முணுமுணுப்புக் கூடினதும், பிழைச் செய்திக்கெண்டு தனி வாய்க்கால் ஒன்றை வெட்டினார்கள். இண்டைக்கும் வழமையான வெளியீடும் பிழை வெளியீடும் வேறு வேறு வழியில் ஓடுவது அதனால்தான்.

இப்ப உதவியாளர்கள் அடிக்கடி செய்கிற வேலை, வெளியீட்டின் கடைசி 50 வரியை மட்டும் வெட்டி எடுப்பது. பைதானில் அது பெரும்பாலும் சரிவரும். பிழையின் பெயர் கடைசி வரியில்தான் இருக்கும். சி மொழித் தொகுப்பியில் முதல் பிழைதான் தாய்ப்பிழை, மிச்சமெல்லாம் அது போட்ட குட்டிகள். வாலைப் பிடித்தால் குட்டிகள்தான் அகப்படும். இதைவிட மோசமான ஒன்றும் இருக்கு. கட்டளைக்குப் பின்னால் குழாய் பூட்டி வெட்டினால், தனியாகச் சொல்லி வைக்காவிட்டால், வென்றதா தோற்றதா என்ற முடிவு வெட்டின கட்டளையினுடையதாகிவிடும். முன்னால் ஓடினது தோற்றிருக்கும். வெட்டினது வென்றிருக்கும். உதவியாளர் 'எல்லாம் சரி' என்று சொல்லும்.

எங்கட கணக்கு இதுதான்: நிறுவல் செய்திகள், சதவீதக் கோடுகள், தேறின சோதனைகளின் பட்டியல், இவற்றைத் தாராளமாகச் சுருக்கலாம். தோற்ற சோதனையையும், எந்த வரி மாறியது எண்டு காட்டுகிற ஒப்பீட்டையும் தொடக்கூடாது. சுருக்கினாலும் முழு வெளியீட்டையும் ஒரு கோப்பில் போட்டு, அது எங்க கிடக்கு எண்டு ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். பிரிம்ரோஸ் கட்டாத அந்தப் பாதிக் காசு இதுதான்.

முழுசும் ஏன் வேணும்? 2018 டிசம்பர் 21, 22இல் கொட்டின மழையில், இரணைமடு வான்கதவுகள் திறந்து, கண்டாவளை, முரசுமோட்டைப் பக்கமெல்லாம் வெள்ளத்தில் கிடந்தது. கதவுகளை எப்ப திறந்தார்கள், நேரத்துக்குத் திறந்தார்களா என்ற கேள்வி பிறகு விசாரணை வரை போனது. அடுத்த போகத்துக்குத் திட்டம் போட, அந்த மாதத்து மழையின் மொத்தம் என்ற ஒரே எண் போதும். ஆனால் கதவைப் பற்றிக் கேட்கிறவருக்கு அந்த எண்ணால் ஒரு பிரயோசனமும் இல்லை. மணிக்கு மணி எழுதின நீர்மட்டம் வேணும். எழுதுகிற நேரத்தில் அவை வெறும் சலிப்பான வரிகள். என்ன கேள்வி வரும் எண்டு அப்ப ஒருவருக்கும் தெரியாது.

தமிழில் வேலை செய்கிறவருக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு. ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்தும் தமிழுக்கு 70உம் கிடைக்கிறது போலத்தான் இங்கேயும்: அதே செய்திக்கு எங்களுக்கு இடம் கூடத் தேவை, அதனால சுருக்கிக்கொள்ளும் ஆசையும் கூட. 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகர விசிறி, ழ, புள்ளி என்று ஐந்து குறி, மொத்தம் 15 பைட். பைட் கணக்கில் வெட்டுகிற வடி 13இல் வெட்டினால் கடைசியில் ஒரு கேள்விக்குறிப் பெட்டி வரும், பார்த்தவுடனே பிழை எண்டு தெரியும். 12இல் வெட்டினால் பெட்டியும் வராது. புள்ளி மட்டும் போய், 'தமிழ' எண்டு நிற்கும்.