கனடாவுக்குப் போயிருக்க வேண்டிய மகள்: ‘பீக்கி பிளைண்டர்ஸ்’ தொடரில் குடும்ப ரகசியமும் அதிகாரமும்

குற்றக் கும்பலைக் குடும்பமாகக் காட்டும் தொடர்களில் கண்ணீர்க் காட்சிகளுக்கு என்ன வேலை? ஆய்வுலகில் இதற்கு ஒரு விடை ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. கொலைகாரனிடம் பார்வையாளருக்குப் பிரியம் வரவேண்டுமானால் அவன் வீட்டுக்குள் யாராவது அழவேண்டும். தொலைந்த மகன் திரும்புவதும் மறைத்த கர்ப்பம் வெளிப்படுவதும் அதற்கான ஏற்பாடுகள். 2013-இல் பிபிசி 2-இல் தொடங்கிய, ஸ்டீவன் நைட்டின் ‘பீக்கி பிளைண்டர்ஸ்’ தொடரையும் இப்படித்தான் படிக்கிறார்கள். இரண்டாம் சீசனில் (2014) பாலி கிரேயிடம் மகன் மைக்கேல் வந்துசேர்வது இந்த வாசிப்புக்குக் கச்சிதமான சான்றாகக் கொள்ளப்படுகிறது. அந்தச் சான்றே வாசிப்பைக் குலைக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

நிகழ்வுகளின் வரிசையில் தொடங்கலாம். பாலியின் இரு குழந்தைகளையும் சின்ன வயதிலேயே பாரிஷ் (உள்ளூர் நிர்வாக) அதிகாரிகள் எடுத்துப்போய்விட்டார்கள். எங்கே என்று அவளுக்குத் தெரியாது. மகளைக் கனவில் காண்கிறாள். இறந்தவர்களை அழைத்துப் பேசும் கூட்டத்துக்குக்கூடப் போய்ப்பார்க்கிறாள். கடைசியில் செய்தியைக் கொண்டுவருபவன் அவளுடைய சகோதரன் மகனும் கும்பலின் தலைவனுமான டாமி ஷெல்பி. மகள் அன்னா ஆஸ்திரேலியாவில் இறந்துவிட்டாள். மகன் உயிரோடு இருக்கிறான். முகவரியை மட்டும் அவன் தருவதில்லை. பையனுக்குப் பதினெட்டு ஆகட்டும், அவனே முடிவுசெய்யட்டும் என்கிறான். பிறகு ஹென்றி என்று வளர்க்கப்பட்ட இளைஞன் ஒருவன் பாலியின் வாசலில் வந்து நிற்கிறான், தன் உண்மைப் பெயர் மைக்கேல் என்கிறான்.

வாசல் காட்சியின் உருக்கத்தில் அதற்கு முந்தைய காட்சி மறந்துபோகிறது. பெற்றவளுக்கு உரிய தகவலைக் கையில் வைத்துக்கொண்டு, எவ்வளவு, எப்போது தருவது என்று தீர்மானிக்கும் இடத்தில் முன்பு பாரிஷ் இருந்தது. இப்போது டாமி இருக்கிறான். ரகசியம் உடையவில்லை, கைமாறுகிறது.

ரகசியம் கைமாறுகிறது என்ற இந்த வாசிப்பை உறுதிப்படுத்துவது, இதுவரை சாதாரணக் கதைத் தகவலாக ஒதுக்கப்பட்ட ஒரு பெயர்: ஆஸ்திரேலியா. இரண்டாம் சீசன் 1920-களின் தொடக்கத்தில் நடக்கிறது. அப்போது மைக்கேலுக்குப் பதினெட்டு நெருங்குகிறது என்றால், குழந்தைகள் பறிக்கப்பட்டது முதல் உலகப்போருக்கு முன். அந்த ஆண்டுகளில், தொடரின் களமான பர்மிங்காமின் ஏழைக் குழந்தைகள் கப்பலேறிப் போன நாடு எது என்பதில் ஐயமில்லை. ஜான் மிடில்மோர் அந்நகரில் 1872-இல் தொடங்கிய குடியேற்ற இல்லம் மறு ஆண்டே முதல் குழுவைக் கனடாவுக்கு அனுப்பியது. காலப்போக்கில் அங்கு அனுப்பிய குழந்தைகளின் எண்ணிக்கை ஐயாயிரத்தைத் தாண்டியது. பிரிட்டன் முழுவதிலுமிருந்து கனடா சென்ற குழந்தைகள் ஏறக்குறைய ஒரு லட்சம். மாறாக, மேற்கு ஆஸ்திரேலியாவின் பின்ஜாராவில் கிங்ஸ்லி ஃபேர்பிரிட்ஜ் அமைத்த பண்ணைப் பள்ளிக்கு 1913-இல் முதலில் போனவர்கள் சிறுவர்கள் மட்டுமே. சிறுமிகள் அங்கே போனது 1921-இல்தான். பர்மிங்காமின் ஸ்மால் ஹீத் பகுதியில் பறிக்கப்பட்ட அன்னா கனடாவுக்குப் போயிருந்தால் வரலாறு உறுத்தியிருக்காது.

அப்படியானால் ஆஸ்திரேலியா எங்கிருந்து வந்தது? இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய நினைவிலிருந்து என்றே தோன்றுகிறது. நாட்டிங்காம் சமூகப் பணியாளர் மார்கரெட் ஹம்ஃப்ரீஸ் 1987-இல் நிறுவிய அறக்கட்டளை, பெற்றோர் இறந்துவிட்டதாகப் பொய் சொல்லப்பட்டு ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டவர்களின் குடும்பங்களைத் தேடத் தொடங்கியது. 2009-இல் ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட்டும் 2010-இல் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரௌனும் மன்னிப்புக் கோரினர். ஹம்ஃப்ரீஸின் பணியைச் சொல்லும் ‘ஆரஞ்சஸ் அண்ட் சன்ஷைன்’ படமும் அதையொட்டி வந்தது. நான்கு ஆண்டுகளில் பாலியின் கதை ஒளிபரப்பாகிறது. எழுதியவரின் மனத்தில் என்ன இருந்தது என்று நிறுவ இயலாது. ஆனால் 2014-இன் பிரிட்டிஷ் பார்வையாளருக்கு, அரசு எடுத்துப்போன குழந்தை ஆஸ்திரேலியாவில் இறந்தது என்ற ஒரு வரி, யார் குற்றவாளி என்பதைச் சொல்லிவிடும். கும்பலின் குற்றத்துக்கு முந்திய குற்றம் ஒன்றை அந்த வரி கதைக்குள் கொண்டுவருகிறது.

வளர்ப்புக் குடும்பத்தோடு அன்னா போயிருக்கலாமே என்று கேட்கலாம். போயிருக்கலாம், தொடர் அதைச் சொல்ல அக்கறை காட்டவில்லை. வெறும் காலப்பிழை என்பதும் வலுவான மறுப்பாகாது. பிழை எந்தத் திசையில் சாய்கிறது என்பதும் சான்றுதான்.

பழைய வாசிப்பு பொருந்தும் இடமும் உண்டு. சீசனின் இறுதியில் எப்சம் குதிரைப் பந்தயத்தில், கர்ப்பமாக இருப்பதை டாமியிடம் அவன் காதலி கிரேஸ் சொல்வது காதல் கதைக்கான திருப்பம்தான். ஆனால் அதே பந்தயத் திடலில் பாலி காவல் அதிகாரி காம்ப்பெல்லைச் சுட்டுக் கொல்கிறாள். சிறையிலிருந்த மைக்கேலை விடுவிக்க அவளுடைய உடலை விலையாகப் பறித்தவன் அவன். கிடைத்த மகனை வைத்துக்கொள்ள அரசின் ஆளுக்கு அவள் மறுபடியும் விலை கொடுக்க நேர்ந்தது. இதை ஆறுதல் காட்சி என்று வகைப்படுத்துவது கடினம்.

மைக்கேலின் பிற்காலமும் இதையே காட்டுகிறது. இங்கிலாந்தில் தத்தெடுப்பை முறைப்படுத்திய சட்டம் 1926-இல்தான் வந்தது. ஆக, அவனை வளர்த்தவளுக்கும் சட்டப்படியான தாய் உரிமை கிடையாது. இந்த இடைவெளியை நிரப்புவது ஷெல்பி குடும்பத்தின் நிறுவனம். மகனாக வந்தவன் கணக்குப் பொறுப்புக்கு ஏறுகிறான், தலைமைக்கு ஆசைப்படுகிறான், ஆறாம் சீசனில் (2022) டாமியின் கையாலேயே சாகிறான். தகவலைத் தந்தவனே தான் தந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறான்.

இந்த வாதத்துக்குக் கடினமான சோதனை அதே ஆறாம் சீசனில் வரும் டியூக். தனக்கு இப்படியொரு மகன் இருப்பதையே அறியாத டாமிக்கு அதைச் சொல்பவள், ஜிப்ஸி உறவுக்காரியான எஸ்மே. இங்கே பாரிஷும் இல்லை, கோப்பும் இல்லை. வாய்வழி வந்த செய்தி மட்டுமே. இம்முறை காத்திருந்து கேட்க வேண்டியவன் டாமி. அவனோ மகனுக்கும் குடும்பத் தொழிலில்தான் இடம் தேடுகிறான். பாலியின் கதையை வைத்து இங்கு சொன்னது டியூக்குக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைத் தனியே ஆராயவேண்டும். குறிப்பாக, எஸ்மேயிடம் இருந்த தகவலையும் டாமி பாலியிடம் மறைத்த தகவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து.