கள்ளப் பாஸ்போட்டில் ஒரு கணனி

ரங்கூனிலிருந்து பகோ ஆற்றைக் கடந்தால் தன்லியின். 1993ல் பாலம் திறக்கப்படும்வரை அங்கு போய்வர ஆற்றைப் படகில்தான் கடக்கவேண்டும். எங்கள் பழைய ஆட்கள் அந்த ஊரைச் சிரியம் என்றுதான் அறிவார்கள். 1599 முதல் 1613 வரை பிலிப் டி பிரித்தோ என்ற போர்த்துக்கேயன் அங்கே கோட்டை கட்டி ஆண்டான். பர்மிய அரசன் அனவுக்பெட்லுன் கோட்டையைப் பிடித்து அவனைக் கொன்றான். பின்னர் பர்மா எண்ணெய்க் கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலை வந்தது. சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறிய தெலுங்கரும் தமிழரும் அதில் கூலிகளாயினர். 1942 மார்ச் 7ந் திகதி, யப்பானியர் கைக்குப் போய்விடக் கூடாதென்று ஆங்கிலேயரே ஆலைக்கு வெடிவைத்து எரித்தனர். ஆலை அவர்களுடையது, அதனால் எரிக்கும் உரிமையும் அவர்களுடையது. அதில் உழைத்த கைகளுக்கு அந்த விடயத்தில் பேச்சு இருக்கவில்லை.

இதை நான் ஒரு கணனிக் கதைக்கு முன்னுரையாகச் சொல்வது சிலருக்கு விசித்திரமாகப் படலாம். ஆனால் நான் எழுத வந்ததும் அதே கேள்விதான். ஒரு இயந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கியவனுக்கு அது எவ்வளவு தூரம் சொந்தம்?

1964ல் பர்மிய இராணுவ அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியது. 1965ல் தனியார் பள்ளிக்கூடங்களும் அரசின் கைக்குப் போயின. தமிழ்ப் பள்ளிகளின் கதையும் அத்தோடு சரி. அந்தப் பத்தாண்டில் ஏறத்தாழ மூன்று இலட்சம் இந்திய வம்சாவழியினர் கையில் ஒன்றுமில்லாமல் வெளியேறினார்கள். சென்னை வந்தவர்களுக்காக 1969ல் கடற்கரை வீதியில் பர்மா பஜார் உண்டாயிற்று. மீண்டும் பர்மாவுக்கே நடந்து போக முயன்ற சிலர் மணிப்பூர் எல்லையில் மோரே என்ற ஊரில் தங்கிப்போனார்கள். இன்றும் அங்கே தமிழ்க் கோயில் இருக்கிறது. இந்த இரண்டு இடங்களும் எதற்குப் பேர்போனவை? வெளிநாட்டு மின்சாதனங்களுக்கு. கடையைப் பறிகொடுத்தவர்கள் ரேடியோவும் ரேப் ரெக்கோடரும் விற்றுத்தான் எழுந்தார்கள்.

பர்மாவிலேயே தங்கிவிட்டவர்களின் பக்கம் வேறு. 1996 செப்ரெம்பர் 20ல் இராணுவ ஆட்சி கணனி விஞ்ஞான அபிவிருத்திச் சட்டம் என்றொன்றைப் பிறப்பித்தது. பெயரைக் கேட்டால் பள்ளிக்கூடம் கட்டித்தரப் போகிறார்கள் என்று தோன்றும். ஆனால் அமைச்சு குறித்துரைக்கும் வகைக் கணனியை முன்அனுமதியின்றி இறக்குமதி செய்தாலோ, வைத்திருந்தாலோ, பயன்படுத்தினாலோ ஏழு ஆண்டு முதல் பதினைந்து ஆண்டு வரை சிறை. வெறும் மிரட்டல் என்று எண்ணவும் இடமில்லை. அதே ஆண்டில்தான், பல ஐரோப்பிய நாடுகளுக்குக் கௌரவ கொன்சலாக இருந்த லியோ நிக்கல்ஸ் என்ற முதியவர், அனுமதியில்லாத ஃபக்ஸ் இயந்திரங்கள் வைத்திருந்த குற்றத்துக்காக மூன்றாண்டுத் தண்டனை பெற்றுச் சிறையிலேயே இறந்துபோனார்.

என்றாலும் கணனி வரத்தான் செய்தது. அந்த நாட்டில் பெரும்பாலானவர்கள் முதலில் தொட்டது எந்தக் கம்பெனியின் முத்திரையும் இல்லாத, துண்டுதுண்டாக வாங்கிப் பூட்டிய பெட்டியைத்தான். சென்னையிலும் கொழும்பிலும் அப்படித்தானே. தாய்ப்பலகை ஒரு கடையில், மெமரி இன்னொரு கடையில், பெட்டி எது மலிவோ அது. தன்லியினிலும் பின்னர் பல்கலைக்கழகம் வந்தது. ஆனால் இந்தப் பூட்டுகிற வித்தை பல்கலைக்கழகத்தில் படிப்பதல்ல. சைக்கிள் திருத்துவதைப்போல பார்த்துப் பழகுவது.

இப்படிப் பூட்டிய பெட்டிக்குள் நுழையவே மாட்டேன் என்றிருந்தது அப்பிள். பிராங்க்ளின் என்ற கம்பெனி அப்பிள் இரண்டைப் போலொரு கணனி செய்தபோது வழக்காடி 1983ல் வென்றார்கள். 1995ல் மனமிரங்கிச் சில கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்தார்கள். ஸ்ரீவ் ஜொப்ஸ் திரும்பி வந்து 1997ல் அதையும் முடித்துவைத்தார். அதன்பின் அப்பிளின் இயங்குதளம் அப்பிளின் பெட்டியில் மட்டும்தான்.

கதவு திறந்தது 2005 ஜூன் 6ல். இனித் தங்கள் கணனிகளில் இன்ரெல் சிப்பையே போடப்போவதாக ஜொப்ஸ் அறிவித்தார். அதாவது ரங்கூனிலும் ரிச்சி தெருவிலும் கிடைக்கும் அதே இனத்துச் சிப். விற்பனைக்கு வருமுன்பே, மென்பொருள் எழுதுவோருக்குக் கொடுத்த சோதனைப் பதிப்பு வெளியே கசிந்துவிட்டது. 2006 ஜனவரியில் முதல் இன்ரெல் ஐமக் வந்தது. பெப்ரவரியில் மக்ஸஸ் என்ற புனைபெயர்க்காரர் ஒருவர் அதன் பூட்டையும் உடைத்தார். பூட்டை உடைக்கப் போனவர்கள் உள்ளே ஒரு சிறு கவிதையைக் கண்டார்கள். திருடாதே என்று கேட்டுக்கொள்ளும் கவிதை. அப்பிளே எழுதி ஒளித்து வைத்தது. சட்டத்தரணிகளை நம்பும் ஒரு கம்பெனி கவிதையையும் நம்பியது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

இத்தகைய கணனிக்கு ஹக்கின்ரோஷ் என்று பெயர். தந்திரம் மிக எளிது, செய்வதுதான் கடினம். அப்பிளின் இயங்குதளம் விழித்ததும் தான் எந்த வீட்டில் இருக்கிறேன் என்று கேட்கும். உண்மையான மக்கில் அதற்குப் பதில் சொல்ல ஒரு தனிச் சிப் உண்டு. நாங்கள் பூட்டிய பெட்டியில் அந்தச் சிப் இல்லாததால், ஒரு சிறு மென்பொருள் அதன் குரலில் பதில் சொல்கிறது. கூடவே தொடக்கி ஒன்று - முதலில் கமீலியன், பின்னர் குளோவர், கடைசியில் ஓப்பன்கோர் - இயங்குதளத்துக்கு முன்னே எழுந்து, இன்ன மாதிரி ஐமக், இன்ன தொடரிலக்கம் என்று பத்திரங்களை நீட்டுகிறது. பத்திரம் பொருந்தினால் உள்ளே விடுவார்கள்.

எங்களில் பலர் எப்படி வந்தோம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வேறொருவர் பெயர், வேறொருவர் பிறந்த திகதி, ஒட்டிய படம். அதிகாரி நிமிர்ந்து பார்க்கும் அந்த இரண்டு செக்கன்.

நானும் ஒரு பெட்டி பூட்டினேன். சஞ்சிகை வேலைக்கு மக் வேண்டும், புதிதாக வாங்கக் காசில்லை. மக்கும் பேஜ்மேக்கரும் லேசர் அச்சும் 1985லிருந்து ஒன்றாய் வளர்ந்தவை. எங்களுடைய தொண்ணூறுகளின் சஞ்சிகைகள் பல அந்தத் திரையில்தான் பக்கமாயின, பழக்கம் விடவில்லை. முதல் இரவே சாம்பல் நிற அப்பிள் தோன்றியது. ஆனால் சத்தம் வரவில்லை, மூன்று கிழமை. பின்னர் சத்தம் வந்தது, தூங்கப்போட்டால் எழும்ப மறுத்தது. கிரபிக்ஸ் காட் வாங்கும்போது சாத்திரம் பார்ப்பதுபோலப் பார்க்கவேண்டும்: என்விடியாவின் புதிய காட்டுகளுக்கு 2017ன் பதிப்போடு கதவடைத்தார்கள், ஏஎம்டியில் சிலது தானாகவே ஓடும். யூஎஸ்பி வாயில்கள் பதினைந்துக்கு மேல் எண்ணாது. எதை விடுவது எதை வைப்பது என்று நாங்களே கணக்கெழுதிக் கொடுக்கவேண்டும். ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் முதல் வயிறு கலங்கும். மனைவி சொன்னாள், இந்த நேரத்துக்குச் சம்பளம் போட்டிருந்தால் இரண்டு மக் வாங்கியிருக்கலாம் என்று. கணக்குச் சரி.

சட்டமும் தெளிவானது. அப்பிளின் உரிம ஒப்பந்தம் அப்பிளின் முத்திரையுள்ள கணனியில் மட்டுமே நிறுவலாம் என்கிறது. புளோரிடாவில் சைஸ்ரார் என்ற கம்பெனி 2008ல் இவ்வாறான பெட்டிகளைப் பகிரங்கமாகவே விற்றது. 2009ல் நீதிமன்றம் தடுத்தது, 2011ல் மேன்முறையீட்டிலும் அப்பிளே வென்றது. வீட்டிலிருந்து தனக்காகப் பூட்டியவர்களைத் தேடி எவரும் வந்ததாக நான் அறியவில்லை. அதனால் அது நியாயமாகிவிடாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் வைத்திருந்தாலே ஏழாண்டு என்ற சட்டத்தையும் இந்த ஒப்பந்தத்தையும் அடுத்தடுத்து வாசித்தவனுக்கு இரண்டிலும் ஒரே தொனி கேட்கத்தான் செய்யும்; ஒன்றில் துப்பாக்கி இருக்கிறது, மற்றதில் இல்லை என்ற பெரிய வித்தியாசத்தை மறக்காமலே சொல்கிறேன்.

இவ்வளவு பாடு எதற்கு? என்னைப் பொறுத்தவரை எழுத்துக்காக. தொண்ணூறுகளில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனித்தனிக் குறியீடு வைத்திருந்தது. லண்டனிலிருந்து வரும் கட்டுரை ரொறன்ரோவில் பூச்சி பூச்சியாய்த் தெரியும். 1999ல் சென்னையில் மாநாடு கூடித் தரம் வகுத்தும் சண்டை ஓயவில்லை; யுனிகோட் பரவிய பின்தான் ஓரளவு தீர்ந்தது. பர்மியருக்கு அதே நோய் பின்னால் வந்தது. யுனிகோட்டில் பர்மிய எழுத்து 1999ல் சேர்ந்து, 2008ல் செம்மையானது. அதற்கிடையில் சாவ்ஜி என்ற எழுத்துரு நாடெங்கும் பரவிவிட்டது. அது மொன், ஷான், கரென் மொழிகளின் எழுத்துக்களுக்கென ஒதுக்கிய இடங்களில் பர்மிய வடிவங்களைக் குடியேற்றியிருந்தது. பெரும்பான்மையின் வசதிக்காகச் சிறுபான்மையின் இடத்தை எடுத்துக்கொள்வது எழுத்துருவிலும் நடக்கும். 2019 ஒக்ரோபர் 1ல்தான் அரசு அதிகாரபூர்வமாக யுனிகோட்டுக்கு மாறியது.

அப்பிளின் இயங்குதளத்தில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து பாருங்கள். மியன்மார் எம்.என்., மியன்மார் சங்கம் எம்.என். என்று இரண்டு பெயர் இருக்கும். எம்.என். என்பது முத்து நெடுமாறன். எண்பதுகளில் முரசு மென்பொருளைத் தொடங்கிய மலேசியத் தமிழர். 2000களின் நடுவில் அவருடைய இணைமதி எழுத்துருவும் அஞ்சல் விசைப்பலகையும் அப்பிளோடேயே வரத் தொடங்கின. பின்னர் ஏனைய மொழிகள். கொஞ்சம் கீழே போனால் சிங்கள சங்கம் எம்.என். என்றும் காண்பீர்கள். அதைப் பார்த்து நான் தனியே இருந்து சிரித்திருக்கிறேன்.

அப்பிள் மியன்மாரில் தனக்கென ஒரு கடை திறந்ததில்லை. தன்லியினில் பள்ளியை இழந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் பலர் தமிழைப் பேசுவார்கள், எழுதுவது பர்மிய எழுத்தில். அவர்களில் எவராவது ஒரு பெட்டியைப் பூட்டி, அப்பிளை ஏமாற்றி உள்ளே விட்டு, தன் பெயரைப் பர்மியத்தில் அடித்தால், திரையில் எழும் அந்த வட்ட வட்ட எழுத்துக்களை வரைந்தது ஒரு தமிழன் கை.

2020ல் அப்பிள் தன் சொந்தச் சிப்புக்கு மாறியது. 2025 ஜூனில், ராஹோ என்ற பதிப்போடு இன்ரெல் கணனிகளுக்கு முற்றுப்புள்ளி என்று அறிவித்தார்கள். சொந்தச் சிப்புக்குக் கள்ளப் பத்திரம் செய்ய வழியில்லை. என் பெட்டி மேசைக்குக் கீழே இருக்கிறது. பழைய பதிப்பில்தான் ஓடுகிறது, இந்தக் கட்டுரையை அதில்தான் அடித்தேன். சத்தம் மறுபடியும் நின்றுவிட்டது.