விரல் வழிப்பட்ட தமிழ்: தட்டெழுத்துப் பலகையின் வரலாறு

எழுத்தின் வரலாற்றை ஆராய்வோர் கல்லையும் செம்பையும் ஓலையையும் தாளையும் பற்றி நிரம்பக் கூறுவர். எழுதுவோனுடைய விரல்கள் எவ்விடத்தில் எவ்வெழுத்தைத் தேடிப் பழகின என்பதை ஆராய்ந்தாரோ மிகச் சிலர். இன்று வெள்ளவத்தையிற் காலி வீதியோரத்துக் கடையொன்றில் மணவழைப்பிதழ் கணினியிற் பொறிக்கப்படும்போது, பொறிப்பவரின் விரல்கள் செல்லும் வழி பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிற் சிங்கப்பூரில் வகுக்கப்பட்ட வழியேயாகும். அவ்வழி தோன்றியவாற்றையும் கணினியுட் புகுந்தவாற்றையும் ஈண்டு நோக்குவாம்.

ஆங்கிலத் தட்டெழுத்துப் பொறிக்கு ஷோல்ஸ் முதலியோர் 1868இல் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றனர். 1874இல் அது விற்பனைக்கு வந்தது. அம்மொழிக்கு எழுத்துகள் 26. நாற்பதின்மேற் சில விசைகள் போதியனவாயின. தமிழ் நெடுங்கணக்கிலோ 247 எழுத்துகள் உள. அவற்றை அத்துணைச் சில விசைகளுள் அடக்குவதெங்ஙனம்?

இவ்வினாவிற்கு விடை கண்டவர், யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இற் பிறந்து, 1907இல் மலாயா நோக்கிச் சென்று, சிங்கப்பூரிற் பணிபுரிந்த இரா. முத்தையா அவர்கள் ஆவர். பொறியியற் பட்டமோ பல்கலைக்கழகத் துணையோ இன்றி, அலுவலகத்திற் கடமையாற்றிய ஒருவர் இதனைச் செய்தார் என்பது நினைந்து போற்றற்குரியது. அவர் கையாண்ட உபாயம் எளிது. பொதுவாக விசையொன்றை அழுத்தினால் எழுத்துப் பதிந்ததும் பொறியின் வண்டி ஓரெழுத்தளவு நகரும். புள்ளி, இகரக் குறி முதலியவற்றுக்குரிய விசைகளை அழுத்தினால் வண்டி நகராதவாறு அவர் அமைத்தார். எனவே, முதலிற் புள்ளியை அடித்துப் பின்னர்க் ககரத்தை அடித்தால் இரண்டும் ஓரிடத்தே பொருந்திக் ‘க்’ ஆயின. உகர ஊகார வரிசைகள் இவ்வாறு பிரியா. எழுத்துக்கெழுத்து அவற்றின் வடிவம் வேறுபடுதலின் பலவற்றிற்குத் தனி விசை கொடுக்க நேர்ந்தது. நடுவரிசையில் இடக்கை விரல்களின்கீழ் ய, ள, ன, க, ப என்பனவும், வலக்கை விரல்களின்கீழ்க் கால், த, ம, ட என்பனவும் நின்றன. தமிழில் அடிக்கடி வரும் எழுத்துகள் யாவை என்பதை எண்ணிப் பார்த்தவனுக்கே இவ்வடைவு தோன்றும்.

ஜேர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்துச் சைடல் நௌமன் தொழிற்சாலை அப்பொறிகளைச் செய்து அனுப்பியது. இரண்டாம் உலகப் போரில் அந்நகர் அழிவுற்றதும், பின்னர் ஜேர்மனி இரண்டாகப் பிரிந்ததும் நாம் அறிந்தனவே. மேற்கு ஜேர்மனியின் ஒலிம்பியா நிறுவனத்தின் வாயிலாக அம்முயற்சி பின்னரும் தொடர்ந்தது.

இலங்கையில் இப்பொறியின் வரலாறு மொழியுரிமையின் வரலாற்றோடு பிணைந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிற்று. 1958இல் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் ஒழுங்குவிதிகள் 1966இலேயே நிறைவேறின. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென்றது. சட்டம் தாளில் உள்ளது. கந்தோரில் தமிழ்க் கடிதத்துக்குத் தமிழில் மறுமொழி செல்ல வேண்டுமாயின், அங்குத் தமிழ்ப் பொறியொன்றும் அதனை இயக்க வல்லார் ஒருவரும் இருத்தல் வேண்டும். உரிமையொன்று விசைப்பலகையின்முன் அமர்ந்திருக்கும் ஒருவருடைய பயிற்சியிற் தங்கியிருந்தமையை நம் வரலாற்று நூல்கள் கூறுவதில்லை.

பின்னர்க் கணினி வந்தது. அதிலே தமிழுக்கெனத் தனி இடம் முதலில் இல்லை. ஆதலின் ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியெண்களின்மீது தமிழ் வடிவங்களை ஏற்றிய எழுத்துருக்கள் எழுந்தன. ஈழத்தவரிடையே பெருவழக்குப் பெற்றது ‘பாமினி’ என்பதாம். நடுவரிசையில் அதே யகரமும் ளகரமும். அதே ககரமும் பகரமும். தட்டெழுத்துப் பயின்றோர் புதிதாகக் கற்கவேண்டியது சிறிதே. ஒன்று மட்டும் மாறிற்று: பொறியில் எழுத்துக்கு முன் வந்த புள்ளி, கணினியில் எழுத்துக்குப் பின் வந்தது. தமிழ்நாட்டரசு 1999இல் ‘தமிழ் 99’ என்னும் பலகையைத் தரப்படுத்தியது. உயிரெழுத்துகளை இடப்புறத்தும் மெய்களை வலப்புறத்தும் நிறுத்திய அவ்வமைப்பு இலக்கணத்துக்கு இயைந்தது, கற்றற்கும் எளிது. அதுவே சிறந்ததென்பது என் கருத்து. ஆயினும் பழகிய விரல் இலக்கணம் கேட்பதில்லை. 2008ஆம் ஆண்டின் இலங்கைத் தரம் 1326, தட்டெழுத்து மரபை ஒட்டிய ரங்கநாதன் பலகையையே ஏற்றது. ஆங்கில எழுத்துகளால் ஒலியைத் தட்டித் தமிழ் பெறும் இன்றைய மாணவர் இவ்விரண்டையும் அறியார்.

உலக மொழிகள் அனைத்துக்கும் வெவ்வேறு எண்களை வழங்கும் ஒருங்குறி 1991இல் வெளிவந்தபோதே தமிழும் அதில் இடம்பெற்றது. எனினும் 2000ஆம் ஆண்டின் விண்டோஸ் வந்த பின்னரே அது பொதுமக்கள் கணினியில் இயங்கலாயிற்று. இடைப்பட்ட காலத்திற் பாமினி முதலியவற்றிற் பொறிக்கப்பட்ட கோயில் மலர், கல்லூரி இதழ், இறந்தோர் நினைவாக வெளியிடும் கல்வெட்டு என்பன எத்துணை! அச்சேறியவை தாளில் உள. 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்துட் சென்று பழைய மலரொன்றை எவரும் விரித்துப் படிக்கலாம். அச்சேறாது தட்டில் நின்றவற்றின் கதி வேறு.

கொட்டாஞ்சேனையில் உறவினர் இல்லமொன்றில் இதனைக் கண்கூடாகக் கண்டேன். 1990களில் ஒரு முதியவர் தம் குடும்ப வரலாற்றை எழுதுவித்து, அச்சிடுமுன் காலமாயினார். எஞ்சிய கோப்பை இன்றைய கணினியிற் திறந்தபோது தமிழ் ஒரு சொல்லும் இல்லை. ‘தமிழ்’ என்று நிற்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. பக்கந்தோறும் அவ்வாறே. பிள்ளைகள் கோப்புப் பழுதுற்றதெனக் கொண்டு அழிக்க எண்ணினர்.

அவ்வேளை அங்கிருந்தார், கந்தோரிற் தட்டெழுத்தாளராயிருந்து இளைப்பாறிய அம்மையார் ஒருவர். திரையை நோக்கியபடி மேசைமேற் கைகளை வைத்து, ஆங்கில எழுத்து நிற்கும் விசையில் விரலை அழுத்துவார்போல அசைத்து, ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தார். ஒன்றிரண்டு எழுத்துகளிற் தயங்கினார். புள்ளி பின்னே வருவதறிந்து நகைத்தார். ஏனையவை தடையின்றி வந்தன. எழுத்துருவை ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகள் இணையத்தில் இலவசமாகவே உள. அன்றிரவே முழுக்கோப்பும் மாற்றப்பட்டது. முதற்பக்கத்தில் அம்முதியவரின் பாட்டனார் மலாயாவுக்குக் கப்பலேறிய செய்தி இருந்தது.